நாலு நிமிடம் பத்து விநாடி

பிப்ரவரி 6, திங்கள்

இன்று ஐந்து பேருக்குப் படம் போட்டேன். குடலிறக்கம் ஒன்று, பித்தப்பைக் கல் ஒன்று, கர்ப்பப்பை மூன்று.

ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. டிவி, பென் டிரைவ், பதிவேடு. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுகிற ஆளை உட்காரவைத்துப் படத்தைப் போட வேண்டும். முடிந்ததும் 'பார்த்தேன், புரிந்தது' என்ற கட்டத்தில் கையெழுத்து, தெரியாவிட்டால் பெருவிரல். பார்க்கிறவர் புருஷனோ மாமியாரோதான். வயிற்றைக் கொடுக்கப் போகிறவள் மேலே வார்டில் படுத்திருப்பாள். அவளுக்குப் படம் கிடையாது.

சுவார்த்தா அக்காவின் ஆபரேஷனுக்கும் நான்தான் படம் போட்டேன். இரண்டு வருடம் முன்பு, வேலையில் சேர்ந்த நான்காம் நாள். அக்காவின் புருஷன் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து பார்த்தார். "புரிஞ்சுதா பாவா? இங்க போடுங்க" என்று விரலால் காட்டியவள் நான்.

பிப்ரவரி 9

அக்காவுக்குச் சாப்பாடு கொடுக்க மிளகாய்க் கிடங்குக்குப் போனேன். ஐம்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காம்பு கிள்ளுகிறார்கள். அக்கா மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்தவள் மாதிரி இருந்தாள். அந்த வெக்கை உள்ளேயிருந்து வருகிறது. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். வயது இருபத்தொன்பது.

பக்கத்தில் இருந்தவள், "உங்கக்காவுக்கு மட்டும் தனி சூரியன் காயுதுடீ தீவெனா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வந்தது.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஆராதனையில் பின்வரிசையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தேன். அதே படம் வந்தது. அதே வெள்ளைக் கோட்டு அம்மா, அதே நீலத் திரை. எங்கோ ஒரு மருத்துவக் கல்லூரி ஜனங்களுக்காக எடுத்தது. ஆனால் பதினோரு நிமிடம்!

எங்களுடையது நாலு நிமிடம் பத்து விநாடி. 'சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம்' என்றதும் எங்கள் டாக்டரம்மா பிரமீளா கைகூப்பும் போட்டோ வந்து முடிந்துவிடும். இதில் அந்த அம்மா நிறுத்தவில்லை. 'பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது' என்கிறாள் அடுத்த மூச்சில். வெள்ளைப்படுதல் பெரும்பாலும் மாத்திரையில் குணமாகும். கர்ப்பப்பை வாயைச் சோதித்தார்களா, பிரஷ் வைத்துத் தடவி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, வேறு வழி உண்டா என்று கேளுங்கள் என்கிறாள்.

பாஸ்டர் ஜெபத்தை முடித்ததுகூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 13

படத்தை யார் வெட்டியது என்று கம்பவுண்டர் சாம்பையாவிடம் விளையாட்டாகக் கேட்டேன். டாக்டரம்மாதான் வெட்டச் சொன்னாராம். ஜனங்களுக்கு அவ்வளவு நேரம் உட்காரப் பொறுமை இல்லையாம்.

பிப்ரவரி 20

பஸ்ஸில், கழிவறையில், சாப்பாட்டு வேளையில் படமாகப் பார்க்கிறேன். எந்த நோய்க்கு எந்தச் சோதனை, எதை எப்போது அறுக்க வேண்டும், எப்போது கூடாது. நர்சிங் சேர வழியில்லாமல் நின்றவள் நான். இப்போது கோபமே படிக்கவைக்கிறது.

அக்காவின் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஒரு ஸ்கேன். அவ்வளவுதான். சோதனை ஒன்றுமில்லை. எடுத்ததை லேபுக்கு அனுப்பிய சீட்டும் இல்லை.

இன்று நல்ல கர்ப்பப்பை ஒன்றைப் படத்தில் பார்த்தேன். பேரிக்காய் போல, வெளிர் சிவப்பாக, உள்ளங்கையில் அடங்குகிற அளவு.

அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம் – ஆபரேஷன் முடிந்ததும் சாம்பையா ஸ்டீல் தட்டோடு வெளியே வந்து, காத்து நிற்பவர்களுக்குத் துணியை விலக்கிக் காட்டுவான். அக்காவின் ஆபரேஷன் அன்றும் "எப்படி அழுகியிருக்கு பாருய்யா, நல்ல நேரத்துல கொண்டாந்தே" என்றான். பாவா கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ரத்தத்தோடு தட்டில் வைத்து எதைக் காட்டினாலும் எங்களுக்கு அழுகல்தான். நல்லது எப்படி இருக்கும் என்று யார் பார்த்தோம்?

பிப்ரவரி 26, ஞாயிறு

பாஸ்டர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். மன்னிக்கலாம். முதலில் அந்த டாக்டரம்மா வந்து கேட்கட்டும்.

மார்ச் 2

மனு கொடுத்தால் சான்று எங்கே என்பார்கள். சான்று ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பையில் குப்பையோடு போய்விட்டது.

அப்படியானால் புதிய சான்று வேண்டும். யோசித்துவிட்டேன். தட்டைக் காட்டும்போது போனில் பிடிக்க வேண்டும். மஞ்சள் பையில் போடுமுன் எடுத்து, கெடாமல் வைக்கிற மருந்துத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் குண்டூர் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். நோயே இல்லை என்று அவர்கள் எழுதித் தரட்டும். அந்தக் காகிதத்தை டாக்டரம்மா மேஜைமேல் வைக்க வேண்டும். அவள் முகம் வெளுப்பதை நான் நின்று பார்க்க வேண்டும்.

ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

மார்ச் 4, சனி

கிடைத்துவிட்டாள். கோட்டேஸ்வரி. முப்பது வயது, இரண்டு பிள்ளைகள், வெள்ளைப்படுதல், இடுப்புவலி. ஒரு ஸ்கேன். 'இப்படியே விட்டா கேன்சர் ஆயிடும் தங்கம்' என்று டாக்டரம்மா தலையைத் தடவிச் சொன்னாளாம். திங்கள் காலை ஆபரேஷன். புருஷன் வீராஞ்சநேயுலுவுக்கு வெட்டிய படத்தைத்தான் போட்டேன். கையெழுத்து வாங்கினேன்.

டப்பா வாங்கியாயிற்று.

மார்ச் 5, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். முழுப் படத்தையும் காட்டினேன், ஒருமுறைகூடக் கண்ணெடுக்கவில்லை. பிறகு கேட்டாள்:

"அப்போ நாளைக்கு அவளை அறுக்க விட்டுட்டு, நீ வெளிய டப்பாவோட நிப்பே?"

அவளை மாதிரி நூறு பேரைக் காப்பாற்றத்தான் என்றேன். உனக்காகத்தான் என்றேன்.

"எனக்கு அன்னைக்கு நீ விவரம் தெரியாம பட்டனை அமுக்கினே தீவெனா. அதை நான் என்னிக்கும் உன் தலைல போடல. இவளுக்கு விவரம் தெரிஞ்சே அமுக்கியிருக்கே."

கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள்.

என்ன செய்யச் சொல்கிறாள்? சான்றில்லாமல் எவன் கேட்பான்? இவர்களுக்காகத்தானே எல்லாம் – இல்லை. அந்த முகம் வெளுப்பதைப் பார்க்கத்தான். அது உண்மை. எழுதிவிட்டேன்.

மார்ச் 6, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு வார்டுக்குப் போனேன். கோட்டேஸ்வரி பச்சை அங்கியில் இருந்தாள். தலையை இரட்டைச் சடையாகப் பின்னி, கட்டுத் துணியால் முடிந்திருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "உனக்கொரு படம் காட்டணும்" என்றேன். "அதான் அவரு பாத்தாச்சே" என்றாள். "நீ பாரு" என்று போனைக் கையில் கொடுத்தேன்.

பதினோரு நிமிடம். நடுவில் ஓர் இடத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

டாக்டரம்மா வந்தாள். "என்ன தங்கம், பயமா?"

"இல்லம்மா. அந்த பிரஷ் வெச்சு எடுக்கற டெஸ்ட்டு, அத எனக்கு எப்ப எடுத்தீங்க?"

டாக்டரம்மா சிரித்தாள். ஸ்கேனிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது, இதையெல்லாம் யார் உனக்குச் சொன்னது என்றாள்.

"படம் சொல்லுச்சு."

பக்கத்துக் கட்டில்காரி, "எனக்கும் எடுக்கல" என்றாள், யாரையும் பார்க்காமல்.

வீராஞ்சநேயுலு ஓடி வந்தான். கையெழுத்துப் போட்டாயிற்று, மானத்தை வாங்காதே, ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படு என்று கத்தினான். கோட்டேஸ்வரி சடையில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "கையெழுத்து போட்டவன் நீ போய்ப் படு."

வார்டே சிரித்தது. ஆயாக்கள்கூட.

டாக்டரம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்தாள். மூன்று வாரமாக மனதுக்குள் அவளை எவ்வளவு திட்டியிருப்பேன்! "அன்னைக்கு எங்கக்கா தட்டுல இருந்தது நல்ல கர்ப்பப்பை" என்றேன். அவ்வளவுதான்.

முகம் வெளுக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "சாம்பையா, இந்தப் பொண்ணுகிட்ட பென் டிரைவை வாங்கிக்க" என்றாள்.

டப்பாவை வரும் வழியில் கால்வாயில் எறிந்தேன்.

மார்ச் 7

வேலை போயிற்று. அக்கா மீன்குழம்பு வைத்து, தலையை என் தட்டில் போட்டாள்.

மார்ச் 18

கோட்டேஸ்வரி அரசு ஆஸ்பத்திரியில் காட்டினாளாம். ஒரு வார மாத்திரை, புருஷனுக்கும் சேர்த்து. வெள்ளைப்படுதல் நின்றுவிட்டது. டாக்டரம்மா மேல் கொடுத்த மனுவில் அவள்தான் முதல் கையெழுத்து. பக்கத்துக் கட்டில்காரி இரண்டாவது. மூன்றாவதாக அக்கா. கலெக்டர் ஆபீசில் மனுவை வாங்கிய ஆள் படிக்காமலே முத்திரை குத்தினான். மறுபடியும் போவேன். அவன் என் முகத்தை மறக்க முடியாதபடி போவேன்.

மார்ச் 29, புதன்

சாம்பையாவைச் சந்தையில் பார்த்தேன். கண்ணைப் பார்க்காமல் பேசினான். இப்போது தட்டை வெளியே கொண்டுவரக் கூடாதாம். வார்டில் போனுக்குத் தடை என்று போர்டு மாட்டியிருக்கிறார்களாம். டாக்டரம்மா புதுக் கார் வாங்கியிருக்கிறாளாம். கார் எரிந்தது என்று கேள்விப்பட்டிருந்தால் இன்று நான் நன்றாகச் சாப்பிட்டிருப்பேன்.

மதியம் கிடங்குக்குப் போனேன். என் போன் அக்காவிடம்தான் இருக்கிறது. அங்கே சிக்னல் கிடைக்காது. போன் மடியில் கிடந்தது, படம் ஓடவில்லை. அக்கா காம்பு கிள்ளிக்கொண்டே தானே சொல்லிக்கொண்டிருந்தாள், அந்த வெள்ளைக் கோட்டு அம்மாவின் சொற்களை ஒன்றுவிடாமல். வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. ஐம்பது பெண்களும் கையை நிறுத்தவில்லை, வாயை நிறுத்தியிருந்தார்கள்.

"சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம்" என்றாள்.

எங்கள் படம் முடிகிற இடம். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா அடுத்த மிளகாயை எடுத்தாள். நிறுத்தாமல் மேலே சொன்னாள்.