நான் போட்ட சிரிப்பு

செவ்வாய், இரவு

மூன்றாம் மாடி ஸ்டீபன் அண்ணனை இன்று காலை கைது செய்துவிட்டார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குகிற மனிதர். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஆடி மாதம் முழுக்க கோயில் ஸ்பீக்கர் அலறுகிறது. ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில், "அம்மனுக்குக் காது மந்தமா?" என்று கேட்டுவிட்டார். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். மத உணர்வைப் புண்படுத்தினாராம். ஜாமீன் லேசில் கிடைக்காதாம்.

குழுவுக்கு அட்மின் நான். சாஃப்ட்வேர்க்காரன் என்று என் தலையில் கட்டிய வேலை. மதியம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எஸ்.ஐ. என் போனைப் புரட்டினார்.

"இன்னா சார், இதுக்குக் கீழ சிரிக்கிற பொம்மை போட்டிருக்கீங்க? நீங்களும் சேர்ந்து கலாய்ச்சீங்களா?"

"இல்ல சார். கை தவறிப் பட்டிருச்சு."

அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பொய். வாய்விட்டுச் சிரித்துவிட்டுத்தான் போட்டேன். தூக்கம் கெட்டவரின் எரிச்சல் அது, அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. எனக்கு வாய் வரவில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஸ்டீபன் அண்ணனின் மனைவி மேரி அக்கா நின்றிருந்தார்.

"தம்பி, விளையாட்டாத்தான் சொன்னாருன்னு சொல்லிட்டல்ல? நீயே சிரிச்சியேப்பா."

"சொல்லிட்டேன்க்கா."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். படித்த பையன் சொன்னால் கேட்பார்கள் என்றார். வக்கீலிடம் சாட்சியாக என் பெயரைத்தான் கொடுத்திருக்கிறாராம்.