பேச்சியம்மாளுக்கு நான் வாசித்த ஒப்பாரி

இன்று காலை தோள்வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள, எங்கள் தெருமுனை மருத்துவமனைக்குப் போயிருந்தேன். திரைக்குப் பின்னால் மண்ணெண்ணெய் அடுப்பில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. அந்தப் புகையும் ஆவியும் கலந்த நெடி மூக்கில் ஏறியதும், முறை வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். உங்கள் மறைவைச் சொல்லி, உங்கள் சுகாதார நிலையத்து டாக்டர் எழுதிய கடிதம் வந்து இருபது நாளாகிறது. நாலு நாள் காய்ச்சல் என்று எழுதியிருந்தார். இதுவரை நான் அழவில்லை. இன்றும் அழவில்லை, சிஸ்டர். அசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

உங்களை முதலில் பார்த்தபோதும் அப்படி ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கயத்தாற்றுக்குக் கிழக்கே, கரிசல் நடுவில், இரண்டே அறை உள்ள சுகாதார நிலையம். காசநோய்க்காரர்கள் வீட்டில் இருந்தபடியே ஊசியும் மாத்திரையும் எடுத்துக் குணமாகலாம் என்று ஊர்ஊராகக் காட்ட ஓர் ஆவணப்படம் எடுக்க வந்திருந்தோம். நான் பிடில்காரன். படத்துக்கு இசை அமைப்பது என் பொறுப்பு. "மண்ணின் இசை வேண்டும், போய்க் கேட்டுவிட்டு வா" என்று இயக்குநர் என்னையும் அழைத்து வந்திருந்தார். கோவில்பட்டியில் ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதியில் தங்கி, தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவோம்.

படத்துக்குப் பேச்சியம்மாளைக் காட்டிக்கொடுத்தது நீங்கள்தான். ஆட்டுக்கிடை போடும் சுடலைமுத்துவின் மனைவி. முப்பது வயதிருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தாலும் சிரித்த முகம். கேமராவைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "சிரிக்காதம்மா" என்று இயக்குநர் சொல்லச் சொல்ல இன்னும் சிரிப்பாள், அதன் முடிவில் இருமல் வரும். அந்த இருமலைத்தான் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் மதியம் அடுத்த தெருவில் ஒரு சாவு. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அப்படி ஒரு மெட்டை நான் அதுவரை கேட்டதில்லை. மேலே ஏறி நின்று, அங்கேயே உடைந்து, கீழே சரியும். சுவரோரம் நின்று நோட்டில் சுரம் எழுதிக்கொண்டிருந்தேன். ஊசிப் பெட்டியோடு அந்த வழியாக வந்த நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

"சாவு வீட்டு வாசல்ல நின்னு எழுதுதீங்களே சார், நல்லாவா இருக்கு?"

"பாட்டுக்கு ஏது சிஸ்டர் தீட்டு?" என்றேன். நீங்கள் பெட்டியோடு நடந்துவிட்டீர்கள். உங்களுக்கு இன்னும் ஆறு வீட்டுக்கு ஊசி போட வேண்டியிருந்தது.

சென்னைக்குத் திரும்பி அந்த மெட்டைப் பிடிலில் வாசித்தேன். பேச்சியம்மாள் இருமிவிட்டு வாசற்படியில் தலை சாய்க்கும் இடத்தில் அதை வைத்தோம். இருமல் சத்தத்தை எடுத்துவிட்டு, பிடில் மட்டும். முன்னோட்டக் காட்சியில் பெரிய பெரிய ஆட்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

முதல் ஊராக உங்கள் ஊரிலேயே காட்டுவது என்று முடிவானது. பெருமையோடு நானும் வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே திரையாக ஒரு வேட்டியைக் கட்டி, பொழுது சாய்ந்ததும் படத்தை ஓட்டினார்கள். பேச்சியம்மாள் முகம் வந்ததும் ஊரே சிரித்தது. "ஏலே, நம்ம பேச்சி!" என்று யாரோ விசிலடித்தார்கள். முன்வரிசையில் இருந்த அவள் வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போது பிடில் தொடங்கியது.

விசில் நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள். பின்னால் யாரோ ஒருத்தி அந்த மெட்டுக்கு உரிய சொற்களை மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினாள். பேச்சியம்மாள் எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்தாள். சுடலைமுத்து பின்னாலேயே போனான். படம் காட்டும் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

மறுநாள் ஊசிக்கு அவள் வரவில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு கிடை கிடந்த காட்டுக்குப் போனீர்கள். வெடித்துக் கிடந்த கரிசலில் நீங்கள் விரைவாக நடந்தீர்கள், நான் தடுக்கித் தடுக்கி வந்தேன்.

"இனிமே எதுக்கு நர்சம்மா ஊசி?" என்றான் சுடலைமுத்து. "டாக்டரு எங்ககிட்ட மறைச்சிட்டாரு. படத்துல சொல்லிட்டிய."

"யாரும் எதையும் மறைக்கல. அவ பொழச்சிக்கிடுவா."

பேச்சியம்மாள் வேலமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். "நல்ல சேலை ரெண்டையும் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன் நர்சம்மா. அவ கட்டட்டும்" என்றாள்.

நீங்கள் என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க" என்றீர்கள்.

"அது சும்மா ஒரு மெட்டும்மா. கேக்க நல்லா இருந்துச்சுன்னு வச்சோம்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பாட்டு எனக்குத் தெரியாதாய்யா? எங்க ஆத்தா செத்தன்னைக்கு நாந்தான அதப் பாடுனேன்."

திரும்பும் வழியில் உங்களிடம் கேட்டேன், அந்த இடத்தில் என்ன இசை இருந்திருக்க வேண்டும் என்று. "ஒண்ணும் வேண்டாம் சார். அவ இருமுறது கேக்கணும். அதக் கேட்டாத்தான் வீட்டுல இருமுறவ நெனப்பு வரும்." களைத்துப்போன குரலில் சொன்னீர்கள்.

இசையை மாற்றக் கெஞ்சி இயக்குநருக்குத் தந்தி அடித்தேன். படம் அங்கீகாரம் பெற்றுவிட்டது, பிரதிகளும் போட்டாயிற்று, இனி தொட முடியாது என்று பதில் வந்தது. நான் ரயிலேறிவிட்டேன். நீங்கள் அங்கேயே இருந்தீர்கள்.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் தபால் அட்டைகள் வழியாக எனக்குத் தெரியும். உங்கள் வட்டாரத்தில் பட வண்டி எந்த ஊருக்குப் போனாலும், பகல் வேலை முடிந்து நீங்களும் போனீர்கள். எந்திரத்தில் சத்தத்தை முழுக்கக் குறைக்கச் சொன்னீர்கள். "சவுண்டு இல்லாம ஓட்டுனா எம்மேல புகார் எழுதிருவாவ சிஸ்டர்" என்று வண்டிக்காரர் பயந்தாராம். "எழுதட்டும் அண்ணாச்சி, நான் பேசுதேன்" என்று வேட்டித் திரைக்குப் பக்கத்தில் நின்று, படம் முழுக்க நீங்களே பேசினீர்கள். இருமல் வரும் இடத்தில் நீங்களே இருமிக் காட்டினீர்களாம். ஓர் அட்டையில் மூன்றே வரி இருந்தது: "இன்று கடம்பூர்ப் பக்கம். தொண்டை கட்டிவிட்டது. பேச்சி இன்னும் கை நீட்டவில்லை."

ஆனாலும் தினமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிடை மாறிய காடெல்லாம் தேடிப் போனீர்கள். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ அவள் கையை நீட்டினாள். "ஒங்களுக்காகத்தேன். நீங்க இப்படி வெயில்ல நடக்கதப் பாக்க முடியல, குத்துங்க" என்றாள். சேலையைத் தங்கச்சியிடம் திரும்ப வாங்க மட்டும் மறுத்துவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள்.

ஒன்றரை ஆண்டு கழித்து, திருநெல்வேலியில் ஒரு கச்சேரிக்கு வாசித்துவிட்டு உங்களைப் பார்க்க வந்தேன். அன்று மாலை பக்கத்து ஊரில் படம். திரையில் பேச்சியம்மாள் ஓசையில்லாமல் இருமி, தலை சாய்த்தாள். நீங்கள் கை காட்ட, கூட்டத்திலிருந்து அவளே எழுந்து வந்து தன் உருவத்துக்குப் பக்கத்தில் நின்றாள். சதை போட்டிருந்தாள். எந்திரத்தின் வெளிச்சத்தில் கண் கூசியது.

"அது நாந்தேன். இந்தா நிக்கேன், தொட்டுப் பாருங்க" என்றாள். இரண்டு பெண்கள் வந்து நிஜமாகவே தொட்டுப் பார்த்தார்கள். அவளுக்குப் பழைய சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை அதன் முடிவில் இருமல் வரவில்லை. என் படத்துக்கு அதைவிட நல்ல இசை இல்லை என்று நினைத்து, அன்று மனம் ஆறினேன்.

மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வண்டிக்காரர் டீ வாங்கிக் கொடுத்தபடி சொன்னார். உங்கள் ஊரில் படம் ஓடிய மறுநாளே, நீங்களும் நானும் பேச்சியம்மாளைத் தேடிக் காட்டில் அலைந்த அன்று, வண்டி வேறொரு ஊருக்குப் போய்விட்டது. அங்கே முழுச் சத்தத்தோடு ஓட்டினார்கள். அந்த ஊர்க் கொத்தனார் ஒருவர், உங்களிடம் நாலு மாதமாக ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், அதோடு வருவதை நிறுத்திவிட்டார். எப்படியும் சாகத்தானே போகிறோம் என்று ஆகிவிட்டது அவருக்கு. நீங்கள் போய்ப் போய்க் கதவைத் தட்டினீர்கள். திறக்கவில்லை. மழைக்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

இதை நீங்கள் ஓர் அட்டையில்கூட எழுதவில்லை. பேச்சியம்மாள் எடை கூடியதை எழுதினீர்கள், ஞாயிறு பூசைக்குப் போக முடியாத அலுப்பை எழுதினீர்கள், செருப்பு அறுந்ததைக்கூட எழுதினீர்கள்.

இப்போதும் இதே தொழில்தான் செய்கிறேன். போன வாரம் ஒரு படம் வந்தது, பெரியம்மை வார்டு பற்றியது. படுக்கையில் கிடந்த ஒரு பையனைக் காட்டி, "இங்கே கொஞ்சம் சோகமா வாசிங்க" என்றார்கள். இவன் எந்த ஊர், உயிரோடு இருக்கிறானா, இதை அவன் வீட்டார் பார்ப்பார்களா என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வாருங்கள் என்று வில்லைக் கீழே வைத்துவிட்டேன். இப்படிக் கேட்டுக் கேட்டே என்னைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஒரு வருத்தம் மட்டும் இருக்கிறது சிஸ்டர். அந்தக் கொத்தனாரின் பெயரை வண்டிக்காரர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. பின்பு எத்தனையோ கடிதம் உங்களுக்கு எழுதினேன், ஒவ்வொன்றிலும் கேட்டுவிட நினைத்து, உடல்நலம் விசாரித்து முடித்துவிட்டேன். உங்கள் பேரேட்டில் அந்தப் பெயரை நீங்கள்தான் எழுதியிருப்பீர்கள், உங்களுக்கு மறந்திருக்காது. பெயர் தெரியாத அந்த மனிதருக்கு என் கையால் ஒப்பாரி வாசித்திருக்கிறேன். அவர் பெயரை இனி நான் யாரிடம் போய்க் கேட்பேன்?