சூடம் அடித்த கை

இன்று சிரம்பானில் கிளினிக் கதவைத் திறந்ததும் கிருமிநாசினி வாடை முகத்தில் அடித்தது. நம் வீட்டுப் பின்னறைதான் உடனே ஞாபகத்துக்கு வந்தது. நீங்கள் படுத்திருந்த அந்த அறை வாசலை ஒரு நாளைக்கு மூன்று முறை இதே வாடை மருந்தை ஊற்றிக் கழுவியவள் நான்தானே. நம் மூத்தவனுக்கு ரத்தப் பரிசோதனை. அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தால் மகன்களும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அவனுக்கு ஒன்றுமில்லை, நீங்கள் கவலைப்படாதீர்கள்.

ரந்தாவ் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிதான் உங்கள் வாழ்க்கை. லிங்கிப் பக்கத்து எண்ணெய் ஆலையில் வரிசை நீண்டுவிட்டால் லோரியிலேயே தூங்கி மறுநாள் வருவீர்கள். முப்பது வருடக் குடித்தனத்தில் அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. புரோஸ்டேட் புற்றுநோய் முற்றிப்போய், மூத்திரப் பையோடு உங்களை வீட்டுக்கு அனுப்பிய வாரத்தில்தான் கோயில் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. இந்த நோய்க்கு ஒரு கிருமியும் காரணமாக இருக்கலாம், அது உடலுறவில் தொற்றுவது என்று போட்டிருந்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்றே உங்களுக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை. பேரனை உங்கள் பக்கம் விடவில்லை. சோற்றுத் தட்டை அறை வாசற்படியில் வைத்து உள்ளே தள்ளிவிட்டேன். அதோடு விட்டேனா? “லிங்கியில எவகிட்ட போய் வாங்கிட்டு வந்தீங்க?” என்று கேட்டேன். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. நீங்கள் கோபப்படவாவது செய்திருக்கலாம்.

கோழித் திருட்டிலிருந்து குடும்பச் சண்டை வரை நம் தோட்டத்தில் எல்லாம் முனியாண்டி சாமி முன்னால்தானே தீரும். சூடம் அடித்துச் சத்தியம் செய்தால்தான் நம்புவேன் என்றேன். பையைக் கைலிக்குள் கட்டிக்கொண்டு வந்தீர்கள். பிடித்துக்கொள்ள என் தோளைக்கூட நான் தரவில்லை, நாலடி முன்னால் நடந்தேன். எரிகிற சூடத்தின்மேல் நீங்கள் அடித்த முதல் அடி தவறியது. இரண்டாவது அடியில்தான் அணைந்தது. குற்றமில்லாத கை ஏன் தவற வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தூக்கவே தெம்பில்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் நினைத்தேன்.

இன்று டாக்டரிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். சிலருடைய புரோஸ்டேட் சதையில் கிருமிகளைப் பார்த்திருக்கிறார்களாம். ஆனால் நோய் அதனால்தான் வந்தது என்று இன்னும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். அப்படியே ஒரு கிருமி இருந்தாலும் அது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை என்றார். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது என்றார். மகன் பக்கத்தில் இருந்ததால் அழவில்லை.

என்னங்க, டாக்டர் சொன்னதால் நம்புகிறேன் என்று உங்களிடம் சொல்ல வாய் கூசுகிறது. அவருக்கே முழுதாகத் தெரியாதாம். உங்களோடு முப்பது வருடம் வாழ்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்ன செய்வேன், யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

கோயிலிலிருந்து திரும்பும்போது நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். “நம்பலனா பரவால்லலா. சோத்த மட்டும் தள்ளி விடாத. உள்ள வந்து குடு.”

நான் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, நீங்கள் போன அன்று காலையிலும் கஞ்சியை வாசற்படியில்தான் வைத்தேன். அது அப்படியே ஆறிக் கிடந்தது. உள்ளே வந்து பார்க்க எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது.