நாற்பத்தைந்தில் சுழல வேண்டிய தட்டு

டிசம்பர் 14, திங்கட்கிழமை, முற்பகல்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். உன் உடல்நிலையை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதத் தொடங்குகிறேன். நீ பாடிய இரண்டு இசைத்தட்டுகளும் கடிதமும் இருந்த உன் பார்சல் ஒன்பதாம் தேதி புதன்கிழமை கைக்குக் கிடைத்தது. கடிதத்தில் நீ ஏழாம் தேதி என்று போட்டிருக்கிறாய். அஞ்சல் முத்திரையோ எட்டு என்கிறது. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்தாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் இல்லாத தூசியையெல்லாம் கண்டுபிடிக்கிறாள்.

ஆண்டுதோறும் டிசம்பர் பதினைந்தாம் தேதி அந்த ஆண்டின் சிறந்த சோல் இசைத்தட்டை, அதாவது உள்ளம் உருகப் பாடும் அந்த அமெரிக்கக் கறுப்பின இசையின் தட்டை, நான் அறிவிப்பதும், உன் மாமா தொலைபேசியில் அதை மறுப்பதும் நீ அறிந்ததே. "கம்பெனி எதுவும் இல்லாம நாங்க நாலு பேரா போட்டதுப்பா, உங்க போட்டியில சேர்க்காதீங்க" என்று எழுதியிருந்தாய். சேர்த்துவிட்டேன்.

வியாழன் மாலை தட்டைப் போட்டேன். முதல் பாட்டின் முதல் வரியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். உன் குரல் அடியோடு மாறியிருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆண் பாடுவதைப் போல் அவ்வளவு கனம். தொண்டைக் கட்டி இந்த அளவுக்கு முற்றிய பிறகா பாடினாய் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொல்லத் துணிவில்லை. ஆனால் எழுந்து நிறுத்தவும் முடியவில்லை. ஒவ்வொரு சொல்லையும் பாரமான பொருளைப் பார்த்து இறக்கிவைப்பதுபோல் நீ வைத்தாய். மூன்றாவது பாட்டில் கருவிகள் எல்லாம் ஓய்ந்து நீ மட்டும் நிற்கும் இடத்தில், நான் மூச்சு விடுவதே இடைஞ்சலாகப் பட்டது. எத்தனையோ ஆண்டுகளாக இசை கேட்கிறேன். அப்படி ஓர் அமைதிக்குள் யாரும் என்னை அழைத்துப் போனதில்லை. வெள்ளிக்கிழமையும் அதையே கேட்டேன்.

சனிக்கிழமை, என் கால்சட்டையைக் கொடுக்க வந்த கீழ்வீட்டுத் தையல்காரர் சற்று நின்று கேட்டுவிட்டு, "பாடுறவருக்கு யாராவது ஒரு காப்பி குடுங்க சார், பாதியில தூங்கிடப் போறாரு" என்றார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. அதற்குள் உன் அம்மா வந்து, தன் புதுக் கண்ணாடியோடு உறையைத் திருப்பிப் பார்த்து, "நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்துன்னு போட்டிருக்கே, நீங்க எதுல வச்சிருக்கீங்க?" என்றாள். தட்டு பெரிதாக இருந்தபடியால் நான் வழக்கம்போல் முப்பத்துமூன்றில் வைத்திருந்தேன், வேகம் குறைந்ததில்தான் உன் குரல் அப்படிக் கனத்துப்போயிருந்தது. காலண்டர் அச்சகத்தில் வேலை செய்து ஒரு தேதி பிசகாமல் பிழை பார்த்தவனுக்கு இந்த ஓர் எண் கண்ணில் படவில்லை. தையல்காரர் சிரித்தார். அம்மா இன்னும் சிரிக்கிறாள். மாமாவுக்கும் சொல்லிவிட்டாள்.

வேகத்தை மாற்றியதும் நீ வந்தாய். அதே பாட்டுகள், எங்களுக்குத் தெரிந்த உன் குரலில். அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு தட்டுகளும் முடியும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. தையல்காரர் கடையைத் திறக்கவே மறந்துபோனார்.

நீ எழுதியிருந்த மற்றொரு விஷயத்துக்கு வருகிறேன். இருபத்திரண்டாம் தேதி அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். பிறகு குரல் பழையபடி இருக்குமென்று மருத்துவர் உறுதி தரவில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது என்கிறார். "குரல் போயிட்டா நான் யாருப்பா?" என்று கேட்டிருக்கிறாய். ஐந்து நாட்களாக இதற்கு எப்படிப் பதில் எழுதுவதென்று தவித்தேன். ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும். உன் குரல் போய்விட்டதென்று நம்பியே இரண்டு மாலைகள் உன்னைக் கேட்டேன். அந்த இரண்டு மாலைகளில்தான் இந்த ஆண்டின் இசைத்தட்டு இது என்று முடிவு செய்தேன். எழுந்து நிறுத்த முடியாமல் என்னை உட்கார வைத்தது நீதான் சிட்டு, உன் தொண்டை அல்ல. நான் யாரையும் சும்மா புகழ்கிறவன் அல்ல என்று உனக்குத் தெரியும்.

உன்னிடம் வர இருபத்தொன்றாம் தேதி காலை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டோம். நாள் மாறக் கூடாது. கண் விழித்ததும் பேசக் கூடாது என்பார்கள். பேசாதே, நாங்கள் பக்கத்தில் இருப்போம். பிறகு என்றைக்குப் பேச அனுமதி கிடைக்கிறதோ அன்றைக்கு, எந்தக் குரல் வருகிறதோ அந்தக் குரலில், ஒரு முறை அப்பா என்று கூப்பிடு.

சிகிச்சை முடிந்து நீ வீடு வருவதற்கு அறையைத் துடைத்து வைத்திருக்கும்,
அப்பா