மிஸ்ஸிக்குக் காட்டிய தட்டு

கிள்ளான்
8 ஜூன் 2024

அன்புள்ள அண்ணி,

நீங்களும் பாப்பாவும் நலம்தானே? தேர்வுத் தாளில் தவிர நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. அங்கே தேதிக்கும் முகவரிக்கும் மதிப்பெண் உண்டு. இங்கே நீங்கள் பார்த்துப் போட்டால் சரி.

உங்கள் போனை உங்கள் அம்மா, வீரம்மா அத்தை, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதாக அண்ணன் சொன்னார். பிள்ளை பெற்றவர் போன் வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கெட்டுவிடுமாம். தாளுக்கு மட்டும் நீங்கள் கெஞ்சி அனுமதி வாங்கினீர்களாமே. நல்லவேளை. இனி ஞாயிறுதோறும் அண்ணன் அங்கே வரும்போது என் கடிதம் வரும். "லோரியில சாமான் ஏத்துறது பத்தாதுன்னு போஸ்ட்மேன் வேலையும் பாக்கணும்லா" என்று இப்போதே முனகுகிறார்.

ஒரு செய்தி. சனிக்கிழமை காலையில் எங்கள் தாமான் குடியிருப்புக் கோயில் மண்டபத்தில் கிளினிக் தாதி மிஸ்ஸி தாய்மாருக்குச் சத்துணவு வகுப்பு நடத்துகிறார். அவர் மலாய்க்காரர். சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். நான் கை தூக்கிவிட்டேன். இன்று முதல் வகுப்பு. தாய்ப்பாலைப் பற்றி மிஸ்ஸி சொன்னதை நான் அழகாகத் தமிழில் சொல்லி முடித்ததும் பின்வரிசையில் ஒரு அக்கா, "ஏன்டியம்மா, நீ எத்தன புள்ள பெத்தே?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. என்ன சிரிப்பு என்று மிஸ்ஸி கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். அவரும் சிரித்துவிட்டார்.

நீங்கள் அங்கே என்ன சாப்பிடுகிறீர்கள்? ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பாப்பா யார் மாதிரி இருக்கிறாள் என்று அண்ணனைக் கேட்டால் "பாப்பா மாதிரிதான் இருக்கு" என்கிறார். அவரை நம்பிப் பயனில்லை.

உங்கள் அன்பு நாத்தனார்,
தாமரை


சாலாக் செலாத்தான்
9 ஜூன் 2024

அன்புள்ள தாமரைக்கு,

உன் அண்ணன் சோபாவில் தூங்குகிறார். அவர் எழுவதற்குள் முடிக்க வேண்டும்.

தேதி, முகவரி எல்லாம் சரி. கையெழுத்துக்கு மட்டும் ஒரு மதிப்பெண் குறைக்கிறேன்.

பாப்பாவுக்கு உன் அண்ணனின் நெற்றி, என் மூக்கு. காது யாருடையது என்று இரண்டு வீட்டாரும் உட்கார்ந்துதான் முடிவுசெய்ய வேண்டும்.

சாப்பாடு கேட்டாய். காலையில் வறுத்த பூண்டும் சோறும். மத்தியானம் கருவாடு, மிளகு ரசம். இரவும் அதேதான், ரசம் மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். கீரை, பழம், பச்சை மீன் எதுவும் கிடையாது. எல்லாம் குளிர்ச்சியாம். தண்ணீர் சாப்பாட்டுக்குப் பின் அரை டம்ளர், அதுவும் வெந்நீர். அதற்குமேல் கேட்டால், "பச்ச ஒடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு வச்சிடும்டி, புள்ளைக்குச் சளி புடிக்கும்" என்கிறார் அம்மா. நாம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நின்று தின்ற ஆப்பம் பாலிக் கனவில் வருகிறது. கனவில்கூட அம்மா வந்து பிடுங்கிக்கொள்கிறார்.

பால் இன்னும் சரியாக இறங்கவில்லை. முதல் பிள்ளைக்கு அப்படித்தான் என்கிறார்கள். நீ கவலைப்படாதே. அம்மா என்னைத் தரையில் கால் வைக்க விடாமல் பார்த்துக்கொள்கிறார்.

உன் அன்பு அண்ணி,
கார்த்திகா


கிள்ளான்
15 ஜூன் 2024

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. கோபிக்காதீர்கள், கொஞ்சம் பாடம் நடத்தப்போகிறேன்.

பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் எடுத்தபோதெல்லாம் தண்ணீர் வேண்டும். வெந்நீராகவே குடிக்கலாம், அத்தைக்கும் திருப்தி. கீரை, முட்டை, மீன் எல்லாம் வேண்டும். பிரசவத்தில் போன இரத்தத்தை ரசம் எப்படித் திருப்பித் தரும்? அடிக்கடி பாப்பாவுக்குப் பால் கொடுங்கள். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். இதெல்லாம் மிஸ்ஸி சொல்லி நான் வாயால் சொன்னவை. எனக்கு மனப்பாடம்.

இன்று வகுப்பில் ஒரு அக்கா, பிள்ளைக்குப் பால் போத்தலில் டின் பாலைக் கரைத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டதாக எழுந்து நின்று சொன்னார். அது பாலே இல்லை, சர்க்கரை என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லவில்லையாம். எல்லாரும் கைதட்டினார்கள். சொன்னால் மாறுகிறார்கள், அண்ணி. யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீங்களும் அத்தையிடம் சொல்லிப் பாருங்கள்.

அண்ணனிடம் முருங்கைக்கீரைக் கூட்டு கொடுத்தனுப்புகிறேன். நானே சமைத்தேன்.

அன்புடன்,
தாமரை


சாலாக் செலாத்தான்
16 ஜூன் 2024

அன்புள்ள தாமரைக்கு,

கீரைக் கூட்டு மிக அருமை என்று உன் அண்ணன் சொன்னார். அம்மா அந்த டப்பாவை அவர் முன்னால் வைத்துவிட்டார். நான் வாசனை மட்டும் பிடித்தேன்.

நீ சிரிப்பாய் என்று ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் கிளினிக் மிஸ்ஸி வீட்டுக்கு வந்தார். வருகிற நாளை முன்பே சொல்லிவிடுவார். அம்மா அன்று காலையில் பாசாருக்குப் போய் மீன் வாங்கி, கீரை கடைந்து, பெரிய தட்டில் முட்டையோடு என் முன்னால் வைத்தார். என்ன சாப்பிடுகிறாய் என்று மிஸ்ஸி கேட்டார். நான் தட்டைப் பார்த்தேன். அம்மா, "பாகுஸ், பாகுஸ், எல்லாம் நல்லா சாப்புடுவா" என்றார். மிஸ்ஸி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவர் லிஃப்டில் ஏறியதும் தட்டு சமையலறைக்குப் போய்விட்டது. அந்த மீன் எனக்கு விருப்பமான கெம்பூங் மீன், தாமரை. ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டிருக்கலாம். போடவில்லை.

பாப்பாவின் எடை பிறந்தபோது இருந்ததைவிடக் குறைவாக இருக்கிறதாம். தாய் நன்றாகச் சாப்பிட்டும் ஏன் என்று மிஸ்ஸிக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் மறுபடி நிறுத்துப் பார்க்கலாம் என்றார். ஆனால் பாப்பா சமர்த்து. இப்போதெல்லாம் அழுவதே இல்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறாள். காலையில் கட்டிய துணி மத்தியானம்வரை நனைவதில்லை. துவைக்கிற வேலை மிச்சம் என்கிறார் அம்மா. சிணுங்கினால் பனங்கற்கண்டுத் தண்ணீரைச் சங்கில் ஊற்றிக் கொடுக்கிறார். பால்தான் போதவில்லையே.

இதெல்லாம் உனக்காக மட்டும் எழுதுவது. உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவைப் பற்றி யாரும் தவறாக நினைக்கக் கூடாது.

உன் அன்பு அண்ணி,
கார்த்திகா


கிள்ளான்
18 ஜூன் 2024

அன்புள்ள அண்ணி,

நாளை மாலை அண்ணனின் லோரி செராஸ் பக்கம் போகிறது. வழியில் இதைக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் படிக்கும்போது அநேகமாக உங்கள் மிஸ்ஸி வந்து போயிருப்பார். அவர் ஏன் சொல்லாமல் வந்தார் என்று நீங்கள் யோசிக்கக் கூடாது என்பதற்காக நானே எழுதுகிறேன்.

ஞாயிறன்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் அண்ணனிடம் போனேன். "பெரியவங்க பாத்துக்குவாங்கலா. நீ படிக்கிற வேலையப் பாரு" என்றார். எங்கள் அம்மாவும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார். நேற்று ஹஜ்ஜுப் பெருநாள், கிளினிக் மூடியிருந்தது. இன்று பள்ளி விட்டதும் கிளினிக்குக்குப் போனேன். துணி நனையாத பிள்ளையைச் சமர்த்து என்று சொல்லக் கூடாது, அண்ணி. போன வாரம்தான் நான் அதை மண்டபத்தில் தமிழில் சொன்னேன்.

மிஸ்ஸி விவரம் கேட்டார். எதையாவது விட்டுவிடுவேனோ என்று பயந்து, உங்கள் கடிதத்தையே எடுத்து வரிவரியாக மலாயில் படித்துக் காட்டினேன். தட்டைப் பற்றியும் படித்தேன். கேட்டுக்கொண்டே அவர் போனை எடுத்து உங்கள் கிளினிக்கைக் கூப்பிட்டார்.

எனக்காக மட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படிக்கவில்லை.

தாமரை


சாலாக் செலாத்தான்
23 ஜூன் 2024

தாமரைக்கு,

பாப்பா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்பில் நீர்ச்சத்தே இல்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவ்வளவு சின்னக் கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. நேற்று வீட்டுக்கு வந்தோம்.

மிஸ்ஸி வந்தபோது மத்தியானம். என் முன்னால் சோறும் கருவாடும் இருந்தன. அவர் தட்டைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார். "மீன் எங்க, மாச்சிக்? நான் வந்தா வைப்பீங்க, போனா எடுத்துடுவீங்களாமே?" கதவு திறந்திருந்தது. வெளியே பக்கத்து வீட்டு ஆட்கள் நின்றார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தார். தட்டை எடுத்த கதை தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டே பேர்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு மகன். பச்சை உடம்பில் தாகம் தாங்காமல் ஒருநாள் அம்மா குழாய்த் தண்ணீரைக் குடித்தாராம், வெள்ளரிக்காயும் தின்றாராம். பிள்ளைக்குச் சளி கட்டி, சில நாளில் போய்விட்டது. "தின்னே கொன்னுட்டா" என்று அவருடைய மாமியார் சாகும்வரை சொன்னார். அந்த அம்மாதான் எனக்கு அரை டம்ளர் வெந்நீரை அளந்து கொடுத்தார். நீ மண்டபத்தில் படித்த பாடத்தில் இது இருக்கிறதா?

பிள்ளையைக் காப்பாற்றினாய். அதற்கு நான் உன் காலைத் தொட வேண்டும். ஆனால் நீ "ஆபத்து, போய்ப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தாலே மிஸ்ஸி வந்திருப்பார். என் அம்மாவின் தட்டை எதற்குப் படித்தாய்?

இனிமேல் எழுதாதே.

கார்த்திகா


கிள்ளான்
7 ஜூலை 2024

அன்புள்ள அண்ணி,

எழுதாதே என்றீர்கள். இரண்டு ஞாயிறு பொறுத்தேன். இன்றும் அண்ணன் அங்கிருந்து வெறும் கையோடு வந்தார்.

எதற்குப் படித்தேன் என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். பாப்பாவைப் பற்றிய வரிகளைப் படிக்கும்போது எனக்குக் குரல் நடுங்கியது. தட்டைப் பற்றிப் படிக்கும்போது நடுங்கவில்லை. அதை நன்றாகவே படித்தேன். மிஸ்ஸி, "நீ கெட்டிக்காரி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதைவிட உண்மையாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

வகுப்புக்கு இப்போதும் போகிறேன். நேற்று ஒரு அம்மா, மாமியார் முட்டை சாப்பிட விடுவதில்லை என்றார். மாமியார் ஏன் விடுவதில்லை என்று கேட்டுவரச் சொல்லலாமா என்று மிஸ்ஸியிடம் மெதுவாகக் கேட்டேன். இதுவரை நாங்கள் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

அத்தையிடம் மன்னிப்புக் கேட்க வரலாமா? ஆம், இல்லை என்று அண்ணனிடம் வாயால் சொல்லியனுப்பினாலும் போதும்.

தாமரை


சாலாக் செலாத்தான்
20 ஜூலை 2024

அன்புள்ள தாமரைக்கு,

அடுத்த வாரம் கிள்ளானுக்கு வந்துவிடுவேன். வருவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நேரில் எனக்கு வராது.

பாப்பாவின் எடை ஏறுகிறது. தொடையில் மடிப்பு விழுந்திருக்கிறது. எனக்குப் பால் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் எனக்கு மீனும் கீரையும் கொடுத்தார்கள். அம்மா தடுக்கவில்லை. நான் சாப்பிட்டு முடித்ததும் பாப்பாவின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சில் சளிச் சத்தம் வருகிறதா என்று இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்புறம் அவரே ஜாடியில் இருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் பிளாட்டிலும் இப்போது கீழ் ஹாலில் புதன்கிழமை மிஸ்ஸியோடு தாய்மார்கள் கூடுகிறார்கள். மூன்றாம் மாடியில் ஜரீனா என்று ஒருத்தி இருக்கிறாள். தமிழ்நாட்டுக்காரி, கணவருக்கு இங்கே உணவகத்தில் வேலை. அவள்தான் வீட்டுக்கே வந்து அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். "வாங்கக்கா, சும்மா ஒக்காந்திருங்க. ஒங்களுக்குத் தெரிஞ்ச மிளகுக் குழம்ப எனக்குச் சொல்லிக் குடுங்க, மீனு நான் போட்டுக்கிறேன்" என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அங்கே ஒவ்வொருவரும் தங்களிடம் எதைச் சாப்பிடக் கூடாது என்று யார் சொன்னார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அம்மாவின் முறை வந்தது. ஒன்றும் சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். இறந்துபோன என் அண்ணனைப் பற்றிச் சொன்னார். வெள்ளரிக்காயைப் பற்றியும் சொன்னார். நான்தான் மலாயில் எடுத்துச் சொன்னேன். மிஸ்ஸி எழுந்து வந்து தரையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னார். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "அது ஒன்னால இல்லம்மா. நீ குடிச்ச தண்ணியால இல்ல." இத்தனை வருடமாக அம்மாவுக்கு யாரும் சொல்லாதது. என் வாயால் வந்தது. அம்மா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதார்.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டார். "அப்ப ஒன்ன ஏன்டி நான் பட்டினி போட்டேன்?"

நீ மன்னிப்புக் கேட்க வர வேண்டாம். அம்மாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. உன்னைப் பார்க்க வெட்கப்படுகிறார். பேர் வைக்கும் விசேஷத்துக்குக் கிள்ளானுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அங்கே மண்டபத்தில் எல்லாருக்கும் அந்தத் தட்டு தெரியும் என்று நினைக்கிறார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பேத்தியின் பேரை இங்கேயே பாப்பாவின் காதில் சொல்லிவிட்டார்.

என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். இந்த வீட்டு விஷயம் எதையும் இனி அந்தப் பெண்ணிடம் சொல்லாதே என்று. சரி என்று சொல்லிவிட்டேன். அவருக்காக மட்டும் சொல்லவில்லை, தாமரை.

நீ செய்தது சரி. பாப்பா பெரியவளானதும் அவளிடம் நானே சொல்வேன், உன் அத்தை இல்லாவிட்டால் நீ இல்லை என்று. நீ அவளைத் தூக்கு, குளிப்பாட்டு, உனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடு. வழக்கம்போலக் காலையில் உனக்குத் தலை பின்னிவிடுவேன். பசியாறியதா என்று கேட்பேன். நீயும் கேள்.

"அண்ணி, எப்படி இருக்கிறீர்கள்?" என்று நீ கேட்டால் மட்டும், எல்லாரிடமும் சொல்வதுபோல, நன்றாக இருக்கிறேன் என்பேன். அதற்குமேல் கேட்காதே.

கார்த்திகா