முடிச்சூர் போர்வெல் தண்ணீரில் தோற்ற ஜெல்

என் ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. லேபில் உன் மேசையில் இன்னும் யாரையும் உட்கார விடவில்லை. சண்டைக்காரி என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும்.

நேற்று கைடு சார் கூப்பிட்டார். என் தீசிஸில் சேர்த்திருக்கும் உன் லேப் நோட்டுப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார். நம்ம ஜெல் உன் வீட்டு போர்வெல் தண்ணீரில் தோற்ற பக்கம்.

மரவள்ளி மாவும் அக்ரிலிக் அமிலமும் சேர்த்து, மண்ணில் ஈரம் காக்க நாம் செய்த ஜெல் தூள், டிஸ்டில்டு வாட்டரில் என்னமாய் உப்பியது! ஒரு சிட்டிகையை டீ பையில் போட்டு நனைத்தால் பையே கிழியப் பார்க்கும். அந்தத் தைரியத்தில்தானே உன் அம்மாவின் மாடித் தொட்டிகளில் அதைக் கலந்து, நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டால் போதும் என்று அளந்துவிட்டேன்? மூன்றாம் நாளே மிளகாய்ச் செடிகள் தலை தொங்கிவிட்டன. அம்மா தானே வாளியை எடுத்து வந்து தண்ணீர் விட்டார். அதுதான் சுருக்கென்றது.

மறுநாள் நீ வீட்டு போர் தண்ணீரைக் கேனில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். பையை நனைத்து, சொட்டவிட்டு, எடை போட்டோம். அந்த உப்புத் தண்ணீரில் ஜெல் பாதிகூட ஊறவில்லை. இதை எழுதாதே என்று சார் அப்போதே சொன்னார்.

"டிஸ்டில்டு வாட்டர் குடிக்கிற செடிய நான் முடிச்சூர்ல பாத்ததே இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டே நீ லேப் நோட்டில் எழுதினாய். அப்புறம் அந்தக் காய்ச்சல். ஒரே வாரம். கோபமாக வருகிறது ஸ்டெல்லா. கேள்வியை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போவதா?

பதில் கிடைத்துவிட்டது, கேள். அமிலத்தைக் குறைத்து, உப்புக்கு அவ்வளவாகச் சுருங்காத அக்ரிலமைடைக் கூட்டினேன். டிஸ்டில்டு வாட்டரில் பழையபடி உப்பவில்லை. உன் வீட்டுத் தண்ணீரில் பழையதைவிட நன்றாக ஊறுகிறது.

சாருக்கு, டிஸ்டில்டு வாட்டரில் எத்தனை மடங்கு ஊறியது என்ற பெரிய எண்தான் வேண்டும். உன் பக்கம் இருந்தால் கையெழுத்துப் போட மாட்டாராம். தோற்றதைச் சொல்லாமல், ஏன் மாற்றினேன் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். தீசிஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போன ஞாயிறு புதுத் தூளோடு முடிச்சூர் போனேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "இந்தத் தடவ எந்தத் தண்ணில போட்டுப் பாத்தே?"

"உங்க வூட்டுத் தண்ணிலதான் ஆன்ட்டி."

தொட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டார். தண்ணீர் விட்டு நேற்றோடு நாலு நாள். செடி நிமிர்ந்து நிற்கிறது.

உன் பக்கம் இருக்கும். உன் கோணல் கையெழுத்தும், அந்தச் சின்ன எண்ணும் அப்படியே இருக்கும். அது இல்லாத பட்டம் எனக்கு வேண்டாம், சார் எத்தனை முறை திருப்பிக் கொடுத்தாலும் சரி.

உன் அம்மா இப்போது 'பெரியவளே' என்று கூப்பிடும்
உன் அக்கா
மாலதி