வார்னிஷுக்கு அடியில்

மார்ச் 3

மேஜையின் எதிர்ப் பக்கத்தைக் காலி செய்து வை, புது ஆள் வருகிறது என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். எதிர்ப் பக்கம் என் தங்கச்சியின் பக்கம். பதினொரு வருடம் அவள் அங்கே, நான் இங்கே. படகுகளில் இருந்து கழற்றி வரும் பித்தளைச் சாமான்களை நான் பளபளவென்று தேய்த்து, தின்னரில் துடைத்துக் கொடுப்பேன். அவள் களிம்பு ஏறாமல் இருக்க வார்னிஷ் அடிப்பாள். அவள் போய்ச் சேர்ந்து ஏழு மாதம். அவளுடைய டப்பாக்கள், தூரிகை, வெள்ளைக் கையுறை எல்லாவற்றையும் என் டிராயருக்குள் திணித்தேன்.

புது ஆள் யாரென்று கேட்டதற்கு மேஸ்திரி காதைச் சொறிந்தார். தங்கச்சி புருஷன் போன மாதம் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தானே, அவளாம்.

வெட்கங்கெட்டவன். வீட்டில் அவள் இடத்தில் உட்கார வைத்தது போதாதென்று பட்டறையிலுமா?

மார்ச் 4

வந்துவிட்டது. கழுத்து நீளம், பேச்சு அதைவிட நீளம். "அக்கா, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றது. நான் உனக்கு அக்கா இல்லை என்றேன். கொஞ்சமாவது மூஞ்சி சுருங்க வேண்டுமே. "சரிக்கா" என்றது.

மார்ச் 6

வெண்கலத்துக்கும் பித்தளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் மஞ்சள்தானே என்கிறது. காமாலையும் மஞ்சள்தான்.

மார்ச் 9

பெரிய படகின் சாமான் வந்து இறங்கியது. வட்ட ஜன்னல் வளையம் பன்னிரண்டு, கைப்பிடிகள், கயிறு கட்டும் கொம்புகள், விளக்குக் கூடு, ஒரு மணி. படகின் முதலாளி நேரிலேயே வந்தார். வெள்ளைக் கால்சட்டை. வருடத்துக்கு நாலு நாள் கடலுக்குப் போகிற மனிதர், அதுவும் காற்றில்லாத நாளாகப் பார்த்து. "மூஞ்சி பாத்துத் தலை சீவணும், அப்படிப் பளபளக்கணும்" என்றார். சீவ அங்கே என்ன இருக்கிறது?

கொம்புகளுக்கும் வார்னிஷ் வேண்டுமாம். கயிறு உரசினால் ஒரே வாரத்தில் வார்னிஷ் உரியும், உரிந்த இடத்தில் உப்பு நுழைந்து புழு ஊர்ந்த மாதிரி கறுக்கும், அதற்கு மெழுகுதான் சரி என்றேன். பதில் சொல்ல என்னைப் பார்க்கவில்லை, மேஸ்திரியைப் பார்த்துத் தலையாட்டினார். பட்டறைக்காரி வாயில் இருந்து வந்தால் உண்மையும் நாறும் போல.

அவர் போன பிறகு மேஸ்திரி எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். "இதுல ஏதாவது கெட்டுச்சுன்னா, யார் கெடுத்தாங்களோ அவங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

கேட்டதில் இருந்து ஒரு நினைப்பு. எழுத மாட்டேன்.

மார்ச் 12

எழுதிவிடுகிறேன். இங்கே வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

இந்த வேலையில் ஒரே ஒரு சூட்சுமம்தான் உண்டு. தின்னரில் துடைத்த பித்தளையை வெறுங்கையால் தொடக்கூடாது. எவ்வளவு கழுவின கையாக இருந்தாலும் எண்ணெயும் வேர்வையும் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மேலே வார்னிஷ் அழகாகக் காயும். இரண்டு வாரம் கழித்து அடியில் இருந்து விரல் விரலாகக் கறுத்து எழும். மொத்தத்தையும் உரித்தால்தான் போகும்.

மற்றதையெல்லாம் அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். ஈரக் காற்றில் அடிக்காதே, தூரிகையைத் திரும்ப இழுக்காதே, ஓரத்தை விடாதே. இதை மட்டும் சொல்லவில்லை. எல்லாம் சொல்லியாயிற்றா என்று மேஸ்திரி கேட்டார். ஆயிற்று என்றேன்.

துடைத்து வைத்த வளையங்களை அது பத்து விரலாலும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துச் சிரித்தது. நான் குனிந்துகொண்டேன்.

மார்ச் 13

விளக்குக் கூட்டையும் மணியையும் நான் துடைத்துக் கொடுத்தேன். வார்னிஷ் முழுக்க அதுதான் அடித்தது. படகுக்குப் பெயிண்ட் முடிகிற வரை எல்லாம் அலமாரியில் இருக்கும்.

அதற்குக் கை நடுங்கவில்லை. தங்கச்சிக்கு முதல் வருடம் முழுக்க நடுங்கியது. இதை ஏன் எழுதுகிறேன்?

மார்ச் 19

பதினொரு வருடத்தில் அந்த வெட்கங்கெட்டவன் தங்கச்சிக்கு ஒரு தடவை குடை கொண்டு வந்தது கிடையாது. இன்று இதற்குச் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறான். என்னைப் பார்த்ததும் தன் செருப்பைப் பார்த்தான். அவனும் செருப்பும் சரியான ஜோடிதான்.

மார்ச் 27

எழுந்துவிட்டது. பன்னிரண்டு வளையத்திலும்.

மேஸ்திரி ஒவ்வொன்றாக ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை. நாளையில் இருந்து வர வேண்டாம் என்று அதனிடம் சொன்னார். அது அழும் என்று நினைத்தேன். என்ன தப்பு செய்தேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டது. மேஸ்திரி என்னைக் கை காட்டினார். "அவ சொன்னா. நீதான் காதுல வாங்கல."

அது என்னைப் பார்த்தது. நான் தூரிகை கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின தூரிகையையே.

கேட்டது கிடைத்துவிட்டது. அப்புறம் என்ன, சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே?

மார்ச் 28

காலையில் தன் பையை எடுக்க வந்தது. போகிற வழியில் அலமாரியைத் திறந்து, விளக்குக் கூட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தது. அடிப்பக்கம் ஒரு கட்டைவிரல் கறுத்திருந்தது. நடுவில் குறுக்கே ஒரு கோடு. சின்ன வயதில் தகரம் வெட்டிய தழும்பு. என் விரல்.

"இது என் கை இல்ல. மேஸ்திரிகிட்ட காட்டல" என்றது. பிறகு மெதுவாக, "கையுறை உங்க டிராயர்ல இருந்ததைப் பாத்தேன். கை அழுக்காகாம இருக்கத்தான் போடுறாங்கன்னு நெனச்சேன். உங்க தங்கச்சியோடது, குடுக்க மனசு வராதுன்னுதான் கேக்கல."

அக்கா என்று சொல்லவில்லை. போய்விட்டாள்.

துடைத்த பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, சொரசொரப்பு இருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவேன். பழக்கம். நேற்று இன்று வந்த பழக்கம் இல்லை. அப்படியென்றால் இத்தனை வருடமும் கறுக்காதது எப்படி? — என் தங்கச்சி. நான் அந்தப் பக்கம் திரும்பினதும் எல்லாவற்றையும் மறுபடி துடைத்திருக்கிறாள். பதினொரு வருசம். என் மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லல.

தங்கச்சி பேரைச் சொல்லித்தான் நான் ஒருத்தி சோத்துல மண்ணைப் போட்டேன். ஊர்ல இருக்கிறவன் எல்லாம் கேவலம், நான் மட்டும் பெரிய யோக்கியம். த்தூ.

மார்ச் 30

மேஸ்திரியிடம் சொன்னேன். விளக்குக் கூட்டையும் என் கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். என் வேலையும் போகட்டும் என்றுதான் போனேன். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நீயே போய் அவளைக் கூட்டி வா, இனிமேல் அவள் சரிபார்க்காமல் உன் கையில் இருந்து ஒரு திருகாணி வெளியே போகக்கூடாது என்றார்.

தங்கச்சி போன நாளில் இருந்து ஏறாத படியை ஏறினேன். வெட்கங்கெட்டவன் கதவைத் திறந்தான். அவனைத் தாண்டி அவளிடம் பேசினேன். "நான்தான் சொல்லாம விட்டேன். வேணும்னேதான்."

"தெரியும்" என்றாள்.

நாளைக்கு வருகிறாயா என்று கேட்டேன். வேலைக்கு வருவேன் என்றாள்.

ஏப்ரல் 6

பழைய வார்னிஷ் முழுக்க உரித்தாயிற்று. வெள்ளைக் கால்சட்டை இரண்டு முறை வந்து கத்திவிட்டுப் போயிற்று. கத்தட்டும், கடல் எங்கேயும் ஓடிவிடாது.

தங்கச்சியின் கையுறையை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. தான் வாங்கி வந்த புது ஜோடியை மாட்டிக்கொண்டாள்.

ஆறு வளையம் துடைத்து எதிர்ப் பக்கம் நகர்த்தினேன். கையுறையோடுதான், தடவிப் பார்க்காமல்தான். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, என் கண்ணெதிரே, தின்னர் துணியால் இன்னொரு முறை துடைத்த பிறகுதான் தூரிகையைத் தொட்டாள்.

நான் ஏழாவது வளையத்தை எடுத்தேன்.